சிவப்புத் தாள்

தமிழ்நாட்டுக்கே லீவு விட்டவன் நான் என்று சொன்னால் என் பேத்தி சிரிக்கிறாள். 1979-ல் சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் புரூப் பார்க்கச் சேர்ந்தேன். தினசரி காலண்டரில் எந்தத் தாள் கறுப்பு, எந்தத் தாள் சிவப்பு, சிவப்புத் தாளில் என்ன பெயர் என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது என் பொறுப்பு. சம்பளம் வெளியே சொல்லும்படி இல்லை. ஆனால் எந்தப் பண்டிகையானாலும் என் பச்சை மைப் பேனாவைத் தாண்டித்தான் ஜனங்களின் சுவரில் ஏற முடியும் என்று ஒரு நினைப்பு இருந்ததே, அதற்கு எந்த முதலாளி சம்பளம் கொடுக்க முடியும்?

அச்சகத்தில் எனக்கு ‘வாத்தியாரே’ என்று பெயர். புலவர் படிப்பைப் பாதியில் விட்டவன் என்பதால் வந்த பட்டம். பாதிப் படிப்புக்காரனுக்கே உரிய வியாதியும் இருந்தது. எந்தப் பெயரைக் கண்டாலும் பிரித்துப் பார்க்கவேண்டும். சென்னைப் பல்கலைக்கழகம் போட்ட தமிழ் லெக்சிகன் மதுரையில் ஒரு நூலகத்தில் இருந்தது. மாதம் ஒருமுறை பஸ் ஏறிப் போய், வேண்டிய பெயர்களை நோட்டில் எழுதிக்கொண்டு வருவேன். மறுநாள் அச்சகத்தில் அதை எல்லாருக்கும் விநியோகிப்பேன். யாரும் கேட்டதில்லை. யாரும் கேட்காததால் நான் நிறுத்தியதும் இல்லை.

முதல் பாடம் ஆடிப்பெருக்கில் கிடைத்தது. பெருக்கு என்றால் ஆற்றில் புதுவெள்ளம் பெருகுவது. காவிரிக் கரையில் ஆடி பதினெட்டுக்குத் தாலிக்கயிறு மாற்றி, சித்திரான்னம் கட்டிக்கொண்டு போய்ப் படித்துறையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். எங்கள் ஊரிலோ பெருகுவதற்கு ஆறு கிடையாது. 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொண்டு வந்ததும், அது இந்த மண்ணில் வேர் பிடித்ததும், மழை இந்தப் பக்கம் அதிகம் எட்டிப் பார்க்காத புண்ணியத்தால்தான். அப்பேர்ப்பட்ட ஊரில் ஆடிப்பெருக்கு தடபுடலாக நடக்கும். அன்றைக்குத்தான் அடுத்த வருடக் காலண்டர் ஆல்பத்துக்குப் பூஜை போட்டு வெளியிடுவார்கள். ஏஜென்டுகள் பையைத் தூக்கிக்கொண்டு ஆர்டர் பிடிக்கக் கிளம்புவார்கள்.

‘பெருக்கு’ நீரைக் குறித்த சொல் என்று முதலாளியிடம் விளக்கினேன்.

“ஆர்டர் பெருகலைன்னா ஒமக்குச் சம்பளம் பெருகாது வாத்தியாரே” என்றார்.

பல வருடம் கழித்து ஒரு ஆடி பதினெட்டில், அசல் பெருக்கைப் பார்த்துவிடுவது என்று திருச்சிப் பக்கம் ஒரு படித்துறைக்குப் போனேன். மேட்டூரில் தண்ணீர் இல்லாத வருடம். ஆற்றில் மணல் கிடந்தது. கரையில் வரிசையாகக் குழாய் போட்டு ஷவர் வைத்திருந்தார்கள். பெண்கள் கையில் காதோலை கருகமணியோடு குழாயடியில் முறை வைத்து நின்றார்கள். எங்கள் ஊர்ப் பெருக்கே தேவலை என்று திரும்பிவிட்டேன்.

என் நோட்டில் அதிகப் பக்கம் தின்ற பெயர் தீபாவளி. தீபம், ஆவளி, விளக்கு வரிசை. இவ்வளவு சுத்தமாகப் பிரிகிற பெயர் கிடைப்பது அபூர்வம். அந்த உற்சாகத்தில் ஊருக்குப் போயிருந்தபோது அப்பத்தாவிடம் சொன்னேன்.

“வெளக்கு வரிசையா? அது கார்த்திகைக்குல்லடா?” என்றாள்.

எனக்கு வாய் அடைத்துவிட்டது. எங்கள் வீட்டுத் தீபாவளியில் விளக்கு எங்கே இருந்தது? விடியுமுன் நாலு மணிக்கு எழுப்பி, மிளகு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயைச் சூட்டோடு உச்சியில் வைத்து அரக்கி, சீயக்காயைக் கண்ணில் தேய்த்து, வென்னீர் ஊற்றுவார்கள். மஞ்சள் தடவிய புதுச் சட்டை. வருடத்தில் எண்ணிச் சில நாள் கண்ணில் படுகிற இட்லி. மத்தியானம் ஆட்டுக்கறி. தெருவில் “கங்கா ஸ்நானம் ஆச்சா” என்று கேட்க ஆள் கிடையாது. “தலைக்கு ஊத்தியாச்சா” என்றுதான் விசாரிப்பார்கள். சாமி மாடத்தில் எரிந்தது என்றைக்கும் எரிகிற அந்த ஒற்றை விளக்குதான். வரிசை விளக்கெல்லாம் கார்த்திகைக்கு. திண்ணை, படி, கிணற்றடி, மாட்டுத்தொழுவம் வரை அகல் வைப்போம். பனையோலைக்குள் மாவை வைத்துக் கட்டி அவித்த ஓலைக்கொழுக்கட்டை உண்டு. பனம்பூவைக் கரியாக்கித் துணியில் சுற்றி, கயிற்றில் கட்டிச் சுழற்றினால் தீப்பொறி வட்டமாகப் பறக்கும், மாவலி என்போம். கோயில் வாசலில் சொக்கப்பனை எரியும். ஆக, பெயர் ஒரு பண்டிகையிடம் இருக்கிறது, விளக்கு இன்னொரு பண்டிகையிடம் இருக்கிறது. இரண்டும் சில வார இடைவெளியில் வந்துபோகின்றன. யாருக்கும் ஒரு சங்கடமும் இல்லை, எனக்குத் தவிர.

விளக்கு வைக்கிற நாளுக்குத் தமிழில் பெயர் இல்லாமலும் இல்லை. விளக்கீடு. ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் மயிலாப்பூர்ப் பதிகத்தில் அந்த ஊர் விழாக்களை வரிசையாகச் சொல்கிறார்: ஓணம், கார்த்திகை விளக்கீடு, ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம். அந்த வரிசையில் தீபாவளி இல்லை. யாழ்ப்பாணத்துக்காரர்கள் இன்றும் கார்த்திகை விளக்கீடு என்றுதான் சொல்கிறார்கள். நாம்தான் அதைக் ‘கார்த்திகை தீபம்’ ஆக்கிக்கொண்டோம். இந்தத் தகவலைச் சொல்லி, தாளில் ‘கார்த்திகை விளக்கீடு’ என்று போடலாம் என்றேன். “ஏஜென்டு திருப்பி அனுப்பிருவான்” என்று ஒரு வரியில் முடித்துவிட்டார் முதலாளி.

அதோடு நான் அடங்கியிருக்கலாம். மயிலை சீனி. வேங்கடசாமி ‘சமணமும் தமிழும்’ என்ற நூலில், மகாவீரர் வீடுபேறு அடைந்ததையொட்டிச் சமணர்கள் விளக்கேற்றிக் கொண்டாடிய நாளே தீபாவளி என்று எழுதியிருக்கிறார். படித்த சூட்டோடு மதியச் சாப்பாட்டு நேரத்தில் பிரசங்கம் வைத்தேன். எறும்புக்கும் தீங்கு நினைக்காதவருடைய நாளில் நாம் ஆட்டை அறுக்கிறோம், அணுகுண்டு வெடிக்கிறோம் என்றேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் வீட்டில் யாராவது ஒருவர் பட்டாசு ஆலையில் வேலை பார்த்தார்கள். முதலாளி கையைக் கழுவிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“வாத்தியாரே, இது நல்ல விசயம். ஊருக்குள்ள வேற எங்கயும் பேசிறாதீரும்.”

இந்தச் சண்டை டெல்லி வரை போகும் என்று அப்போது யார் கண்டது? 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீபாவளியன்று இரவு எட்டிலிருந்து பத்து மணி வரைதான் பட்டாசு வெடிக்கலாம் என்று உத்தரவு போட்டது. எங்கள் ஊரில் தீபாவளி என்பதே விடியற்காலையில்தான் என்று தமிழக அரசு போய் முறையிட வேண்டியதாயிற்று. மொத்தம் இரண்டு மணி நேரத்துக்குள், எந்த நேரம் என்பதை மாநிலமே வைத்துக்கொள்ளலாம் என்று திருத்தம் வந்தது. காலை ஆறு முதல் ஏழு, மாலை ஏழு முதல் எட்டு என்று அரசாங்கம் அறிவித்தது. விளக்கு வரிசை என்று பெயரைப் படித்தவர்களுக்கு அது ராத்திரிப் பண்டிகை, தலையில் எண்ணெய் வைத்தவர்களுக்கு விடியற்காலைப் பண்டிகை. அப்பத்தா அடுப்படியில் உட்கார்ந்தபடி ஒரு வரியில் சொன்னதற்கு இத்தனை வக்கீல்கள். இப்போது எங்கள் வீட்டில் பிள்ளைகள் ஆறு மணிக்கு எழுந்து, ஏழு வரை வெடித்துவிட்டு, எட்டு மணிக்கு ஹீட்டர் தண்ணீரில் குளிக்கிறார்கள். எண்ணெய் உள்ளங்கையில் ஒரு சொட்டு, சாஸ்திரத்துக்கு.

போகியை லெக்சிகனில் பார்த்தால் இந்திரன் என்று இருக்கும். போகங்களை அனுபவிப்பவன், மழைக்கு அதிபதி. தை பிறக்குமுன் அவனுக்கு ஒரு நாள். எங்கள் தெருவில் ஒருவருக்கும் இந்திரனைத் தெரியாது. பழசைப் போக்குவதால் போக்கி, அதுதான் போகி என்பார்கள். நான் திருத்தப் போவேன். கிழிந்த பாயையும் தேய்ந்த விளக்குமாற்றையும் எரித்துக்கொண்டே, “இந்திரனை எரிக்கவா முடியும்? பாயைத்தான் எரிக்கணும்” என்பார்கள். மறுநாள் வருகிற பொங்கலிடம் மட்டும் எனக்கு வேலை இருந்ததில்லை. பொங்குவதால் பொங்கல், அகராதிக்கு அங்கே சோறு கிடையாது. அதிலும் காலம் கை வைத்தது. என் மருமகள் குக்கரில் வைக்கிறாள். பொங்கி வழியாமல் பார்த்துக்கொள்ளத்தான் அந்தப் பாத்திரத்தையே செய்திருக்கிறான் என்று சொல்லிப் பார்த்தேன். மூன்றாவது விசிலுக்குப் பிள்ளைகள் “பொங்கலோ பொங்கல்” என்று கத்தினார்கள்.

தமிழ்நாட்டுப் பழைய விழாப் பெயர்களில் பாதிக்கு அர்த்தமே கிடையாது என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு நாலைந்து வருடம் ஆனது. தைப்பூசம், மாசி மகம், பங்குனி உத்திரம், வைகாசி விசாகம், ஆடிப்பூரம், ஆவணி அவிட்டம்: எல்லாம் விலாசம். முன்னால் மாதம், பின்னால் நட்சத்திரம். தெருப் பெயர், கதவு எண் மாதிரி. உள்ளே யார் இருக்கிறார் என்று சொல்லாது. அதே பூரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளுக்குத் தேர், இன்னொரு ஊரில் அம்மனுக்கு வளைகாப்பு. வடமொழிப் பெயர்களோ வெறும் எண்ணிக்கை. சதுர்த்தி நாலு, சஷ்டி ஆறு, அஷ்டமி எட்டு, நவமி ஒன்பது, ஏகாதசி பதினொன்று. இதைச் சொன்னபோது கணக்குப்பிள்ளை ஒருவர்தான் ரசித்தார்.

ஜெயந்தியால் பட்டதைச் சொல்லியாகவேண்டும். சின்ன வயசில் எங்கள் தெருவில் ஜெயந்தி அக்கா ஒருத்தி இருந்தாள். அக்டோபர் இரண்டாம் தேதி லீவு காந்திக்கும் அவளுக்கும் சேர்த்து என்றே நம்பியிருந்தேன். பெரியவனாகி அகராதி பார்த்தபோதுதான், தேய்பிறை அட்டமியும் ரோகிணியும் கூடுகிற சேர்க்கைக்கு ஜயந்தி என்று பெயர், அதில் பிறந்ததால் கண்ணனுக்கு ஸ்ரீஜயந்தி என்று தெரிந்தது. அது பிற்பாடு எல்லாருடைய பிறந்தநாளுக்கும் பொதுப்பெயர் ஆகிவிட்டது. ‘காந்தி ஜெயந்தி’ தப்பு என்று முதலாளியிடம் ஆரம்பித்தேன். முடிக்கவில்லை.

தைப்பூசமோ என் கையெழுத்தில் முப்பத்தைந்து வருடமும் கறுப்பாகவே போனது. பினாங்கிலும் மொரீஷியஸிலும் அதற்கு லீவு உண்டு. சிங்கப்பூரில்கூட 1968 வரை இருந்தது. பழநிக்குப் பாதயாத்திரை போகிற எங்கள் ஊரில்தான் இல்லை. 2021-ல்தான் இங்கே சிவப்பு வந்தது. அப்போது நான் வேலையில் இல்லை. ஏப்ரல் 14-க்கு நேர்ந்தது வேறு கதை. 2008-ல் சட்டம் போட்டுத் தமிழ்ப் புத்தாண்டைத் தை முதல் நாளுக்கு மாற்றினார்கள். அந்தத் தாளில் ‘சித்திரைத் திருநாள்’ என்று மாற்றினேன். 2011-ல் ஆட்சி மாறியது, சட்டம் போனது. மறுபடி ‘தமிழ்ப் புத்தாண்டு’ என்று திருத்தினேன். இரண்டு தடவையும் வீட்டில் அதே மாங்காய்ப் பச்சடிதான்.

தாள் வெட்டுகிற மிஷினில் ஒரு பாய் இருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். சேர்ந்த புதிதில் அவரிடமே போய், “பாய், ரம்ஜான்ங்கிறது மாசத்துப் பேரு. பண்டிகைக்கு ஈதுல் ஃபித்ர்னு பேரு” என்று சொல்லிக்கொடுத்தேன். அவர் பிளேடைத் துடைத்துக்கொண்டே, “அப்படியா வாத்தியாரே” என்று ஆச்சரியப்பட்டார். அந்த ஆச்சரியம் எவ்வளவு மரியாதையானது என்று எனக்கு உறைக்க வருடக்கணக்கானது. பிறகு ஒருநாள் அவரே சொன்னார்:

“எங்க வீட்ல நோன்புப் பெருநாள், ஹஜ்ஜுப் பெருநாள், அவ்வளவுதான். ரம்ஜான் பக்ரீத்தெல்லாம் நீங்க அடிச்சுக் குடுத்தது. அதுவும் நல்லாத்தான் இருக்கு.”

நோன்பு என்ற சொல்லை அப்பத்தாவும் வைத்திருந்தாள். பக்கத்துத் தெரு ஐயர் வீட்டில் காரடையான் நோன்பு உண்டு. ஒரே சொல் மூன்று வீட்டில் பட்டினி கிடந்தது.

ரமலான் என்ற அரபிப் பெயரின் வேரில் சுட்டெரிக்கும் வெப்பம் இருக்கிறது. 1987-ல் அந்த மாதம் சரியாகக் கத்திரி வெயிலில் வந்து விழுந்தது. தகரக் கூரைக்குக் கீழே பாய் எச்சிலைக்கூட விழுங்காமல் ரீம் ரீமாக வெட்டிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் நின்று, பெயர் எவ்வளவு பொருத்தம் பாருங்கள் என்று சொற்பொழிவு ஆற்றினேன், கையில் மோர் டம்ளரோடு. பத்துப் பன்னிரண்டு வருடத்தில் அதே மாதம் மார்கழிக் குளிருக்குப் போய்விட்டது. ஹிஜ்ரி வருடம் சூரிய வருடத்தைவிடப் பதினொரு நாள் போலக் குறைவு. முப்பத்துமூன்று வருடத்தில் எல்லாப் பருவத்தையும் ஒரு சுற்று சுற்றிவரும். பெயர் வெயிலில் நிற்கும், மாதம் நடந்துகொண்டே இருக்கும்.

இதை இவ்வளவு தெளிவாகச் சொல்கிற நான்தான் 2000-ம் ஆண்டுக் காலண்டரில் கோட்டைவிட்டேன். அந்த வருடம் ஜனவரியில் ஒரு ரம்ஜான், டிசம்பரில் ஒரு ரம்ஜான். அப்போது ஈய எழுத்துப் போய்க் கம்ப்யூட்டர் வந்திருந்தது. டைப் அடிக்கிற பையன், ஒரே பெயர் இரண்டு தடவை வந்திருக்கிறதே, தப்பு என்று இரண்டாவதை எடுத்துவிட்டான். நான் பச்சைப் பேனாவால் கையெழுத்துப் போட்டேன். தாள் வெட்டுக்குப் போயிற்று. கொஞ்ச நேரத்தில் மிஷின் சத்தம் நின்றது. பாய் ஒரு தாளைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தார்.

“வாத்தியாரே, டிசம்பர் நோன்பை யாரு தின்னது?”

பிறையும் எங்களைப் படுத்தியிருக்கிறது. டிசம்பருக்குள் தாளை அடித்து முடிக்கவேண்டும். பிறை அந்தந்த மாதம் சாவகாசமாக வரும். தலைமைக் காஜி அறிவிக்கிற நாளும் எங்கள் சிவப்பும் ஒரு நாள் தள்ளிப் போனால், ஜனங்கள் வானத்தைக் குறை சொல்லமாட்டார்கள், காலண்டரைத்தான் சொல்வார்கள்.

‘மிலாடி நபி’ மட்டும் என் ஆறாத புண். மீலாது என்றால் பிறப்பு. நபியின் பிறப்பு என்பதைப் பாரசீக வழக்கில் இரண்டு சொல்லுக்கும் நடுவே ஓர் ‘இ’ வைத்து இணைப்பார்கள்: மீலாதி நபி. அது ஆங்கில எழுத்துக்குப் போய், அங்கிருந்து தமிழுக்குத் திரும்பி வரும்போது ‘தி’ என்பது ‘டி’ ஆகிவிட்டது. யாரோ துரைசாணியைக் கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது. முஸ்லிம்கள் மீலாது என்றே சொல்கிறார்கள், எழுதுகிறார்கள். இதை மாற்ற வருடா வருடம் போராடினேன். முதலாளி அரசுப் பட்டியலைத் தூக்கிக் காட்டுவார். “கெஜட்ல மிலாடின்னு இருக்கு. நீர் கெஜட்டைத் திருத்திட்டு வாரும்.” இன்றைக்கு அந்தப் பெயரை அறியாத குடிமகன் கிடையாது. மகாவீர் ஜெயந்தி, வள்ளலார் நினைவுநாள், மிலாடி நபி மூன்றையும் டாஸ்மாக் அடைத்திருக்கிற நாள் என்று பள்ளிக்கூடத்துக்குப் போகாதவனும் ஒப்பிக்கிறான். என் நோட்டால் முடியாததை ஒரு பூட்டு செய்துவிட்டது.

அச்சுக் கோக்கிற அண்ணாச்சி நாசரேத்துக்காரர். சி.எஸ்.ஐ. அவருடைய பண்டிகைப் பெயர்கள் தனி அழகு. அறுப்பின் பண்டிகை, ஸ்தோத்திரப் பண்டிகை, அசனப் பண்டிகை. அசனம் என்றால் உணவு. ஊர் முழுக்க அரிசியும் காசும் போட்டு, பெரிய பெரிய அண்டாவில் சமைத்து, சாதி வீடு பார்க்காமல் வந்தவர்களுக்கெல்லாம் ஊற்றுகிற பண்டிகைக்குச் சாப்பாட்டுப் பண்டிகை என்று வெளிப்படையாகப் பெயர் வைத்தவர்களை நான் வேறெங்கும் பார்க்கவில்லை. மற்றவர்கள் எல்லாரும் காரணம் ஒன்று சொல்லிவிட்டுத்தான் சாப்பிடுகிறோம்.

ஒரு வருடம் புதிதாகச் சேர்ந்த பையன் இங்கிலீஷ் பட்டியலைப் பார்த்து மொழிபெயர்த்து, ஏப்ரல் தாளில் ‘நல்ல வெள்ளி’ என்று எழுதிக் கொடுத்துவிட்டான். அண்ணாச்சி அந்த வரி வரைக்கும் கோத்துவிட்டு நிமிர்ந்தார்.

“ஆண்டவரைச் சிலுவையில அறைஞ்ச நாளை நல்லதுன்னு எவம்ல எழுதினான்?”

பழைய ஆங்கிலத்தில் ‘குட்’ என்பதற்குப் புனிதம் என்றும் பொருள் உண்டு, பையன் பேரில் தப்பில்லை என்று நான் ஆரம்பித்தேன். அவர் கேட்டுக்கொண்டே ‘நல்ல’ என்ற எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கேஸில் அதனதன் அறையில் போட்டார். ‘பெரிய’ என்று கோத்தார். பெரிய வெள்ளி. கெஜட்டில் புனித வெள்ளி. அந்த வருடம் மட்டும் எங்கள் காலண்டரில் பெரிய வெள்ளியாகவே போனது. முதலாளி பார்க்கவில்லை, நான் பார்த்தேன், கையெழுத்துப் போட்டேன். என் உத்தியோகத்தில் தெரிந்தே விட்ட பிழை அது ஒன்றுதான்.

அதற்கு முந்தின நாற்பது நாளை அவர்கள் லெந்து காலம் என்பார்கள். லெந்து என்ற ஆங்கிலச் சொல்லின் பூர்வீகம் வசந்தகாலம்; நாள் நீளுகிற பருவம். நாசரேத்துத் தேரிக்காட்டில் அந்த நாளில் செம்மண் கொதிக்கும். வசந்தம் என்று பெயர் வைத்துக்கொண்டு அண்ணாச்சி வெயிலில் ஒரு நேரம் பட்டினி கிடந்தார், வெயில் என்று பெயர் வைத்துக்கொண்டு பாய் பின்னாளில் மார்கழியில் கிடந்தார். இரண்டு பேரும் பெயரை மாற்றிக்கொண்டிருக்கலாம்.

ஆனால் குருத்தோலை ஞாயிறு என்ற பெயரை வைத்தவன் மகா கெட்டிக்காரன். எருசலேமில் பிடித்தது பேரீச்சை ஓலை. இங்கே அது தென்னங்குருத்தும் பனங்குருத்தும் ஆனது. எங்கள் அப்பத்தாவின் கார்த்திகைக் கொழுக்கட்டைக்கு ஓலை கொடுத்த அதே மரம். அந்த ஞாயிற்றுக்கிழமைக் குருத்தைச் சிலுவையாக முடைந்து வீட்டில் செருகி வைத்திருந்து, அடுத்த வருடம் கோயிலில் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். அதை எரித்த சாம்பலைத்தான் தவக்காலம் தொடங்குகிற புதன்கிழமை நெற்றியில் பூசுகிறார்கள். “நாங்க சாம்பல் புதன்னு சொல்லுவோம். ஆர்.சி.காரங்களுக்கு விபூதிப் புதன்” என்றார் அண்ணாச்சி. விபூதிப் புதன், திருநீற்றுப் புதன் இரண்டும் உண்டு. தாளில் எதைப் போடுவது என்று ஒவ்வொரு வருடமும் தடுமாறுவேன். லீவு இல்லாத நாள் என்பதால் ஓரத்தில் பொடி எழுத்தில் வரும். யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

கிறிஸ்துமஸில் எனக்குக் கடைசியாக ஒரு பெயர் கிடைத்தது. சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த குடும்பம் ஒன்று எங்கள் தெருவில் இருந்தது. அந்த அம்மாள் ஒரு டிசம்பரில் கேக் துண்டுகளைத் தட்டில் வைத்துக் கொடுத்து, “நத்தார் பலகாரம் தம்பி” என்றார். ‘நதால்’ என்ற போர்த்துக்கீசியச் சொல் கொழும்பில் இறங்கி, தேயிலைத் தோட்டம் ஏறி, கப்பலில் ராமேஸ்வரம் வந்து, எங்கள் தெருவில் தட்டில் உட்கார்ந்திருக்கிறது. அதன் வரலாறு முழுவதையும் அவரிடம் சொன்னேன். “கேக்கு ஆறிப்போகும், சாப்பிடுங்க” என்றார். கேக் ஆறுமா என்று அப்போது யோசிக்கவில்லை.

2014-ல் ஓய்வு பெற்றேன். இப்போது என் பெயர்களையெல்லாம் செல்போன் எடுத்துக்கொண்டது. குடும்பக் குழுவில் காலை ஐந்து மணிக்கே ரோஜாப்பூப் படம் போட்டு ‘ஹேப்பி குட் ஃப்ரைடே’ என்று வாழ்த்து வருகிறது. அனுப்புகிறவன் என் மைத்துனன் மகன். சர்ச் வாசலை மிதித்ததில்லை. மொகரத்துக்கும் ‘ஹேப்பி’ வந்தது. கி.பி. 680-ல் கர்பலாவில் நபிகளின் பேரர் ஹுசைன் கொல்லப்பட்ட நாள் அது, துக்கநாள் என்று பதில் எழுதினேன். தஞ்சாவூர்ப் பக்கம் சில கிராமங்களில் இந்துக்கள் விரதம் இருந்து ‘அல்லாசாமி பண்டிகை’ என்று அதை நடத்துகிற விவரத்தையும் சேர்த்தேன். கட்டைவிரல் ஒன்று வந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று எந்த லெக்சிகனிலும் இல்லை.

பேத்தி சென்னையில் ஐ.டி. கம்பெனி. போன மாதம் கூப்பிட்டாள்.

“தாத்தா, வியாழக்கிழமை என்ன லீவு?”

நாற்பது வருடமாக இந்தக் கேள்விக்காகக் காத்திருந்தவன் நான். நிமிர்ந்து உட்கார்ந்தேன். பெயர், வேர், திதி, எந்த ஊரில் எப்படி என்று ஆரம்பித்தேன்.

“அது இல்ல தாத்தா. வெள்ளிக்கிழமையும் லோக்கல் ஹாலிடே விடுவாங்களா? விட்டா நாலு நாள் ஊட்டி போயிட்டு வந்துருவோம்.”

அதற்கும் என்னிடம் பதில் இருந்தது. கலெக்டர் விடுகிற உள்ளூர் விடுமுறை, 1881-ம் வருடத்துச் செலாவணி முறிச் சட்டத்தின் கீழ் வராது. அறிவிப்பின் கடைசி வரியிலேயே அப்படிப் போட்டிருப்பார்கள். பதிலுக்கு ஒரு சனிக்கிழமை வேலை நாளாகும் என்றும் இருக்கும். செக்கும் உண்டியலும் என்றைக்குக் காசாகும் என்று தீர்மானிக்க வெள்ளைக்காரன் போட்ட சட்டம் அது. சாமிகள் அத்தனை பேரும் அதற்குள் நுழைந்துதான் லீவு வாங்க வேண்டியிருக்கிறது என்று விளக்கினேன். முதல் தடவையாக முழுவதையும் கேட்டாள்.

“அப்ப எங்க ஆபீஸுக்கு உண்டா, இல்லையா?”

“இல்ல” என்றேன். வைத்துவிட்டாள்.

வீட்டுச் சுவரில் இப்போதும் தினசரி காலண்டர் தொங்குகிறது. பழக்கதோஷத்தில் காலையில் எழுந்ததும் புரூப் பார்த்துவிடுவேன். இந்த வருடம் மாசியில் ஒருநாள், ராகுகாலத்துக்குக் கீழே பொடி எழுத்தில் ‘விபூதிப் பதன்’ என்று போட்டிருந்தது. ‘பு’வுக்குப் பதில் ‘ப’. என்ன கம்ப்யூட்டர் வந்து என்ன? மனசு கேட்கவில்லை. பச்சைப் பேனா மேசை டிராயரில் எங்கோ கிடந்தது. தேடி எடுத்து, மை வருகிறதா என்று உள்ளங்கையில் கிறுக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். சுவரில் அடுத்த நாள் தாள் இருந்தது. என் மனைவி சிவன் கோயிலுக்குப் போய்விட்டு வந்து, கையில் இருந்த திருநீற்றை அந்தத் தாளைக் கிழித்து மடித்துக்கொண்டிருந்தாள்.

“அதைக் கொடு, ஒரு எழுத்து தப்பா இருக்கு.”

“மடிச்சாச்சு. கொட்டிரும். விடுங்க” என்றாள்.